மாப்பிள்ளை மேல் ஒரு மனு

முட்டி வலிக்கு மூன்று வகைத் தைலம் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் ஓநாயை நேரில் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், இன்றைக்கு மனைக்கல் நட்டு வண்ணக்கொடி கட்டியிருக்கிறார்களே, அந்த மேட்டில்தான் பார்த்தேன். சொன்னால் என் பேரன் நம்புவதில்லை. "அது நாயா இருக்கும் தாத்தா" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. நான் சொல்வதில் பாதியை என் மனைவியே இத்தனை வருடமாக நம்பியதில்லை. வேடிக்கைக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு இதுதான் தண்டனை. இழவு சொன்னாலும் எதிரே இருப்பவர் பல்லைக் காட்டத் தயாராக நிற்பார்.

இதைச் சிரிக்காமல் கேளுங்கள். சிரிப்பு வருகிற இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. எல்லாம் கெட்டது அந்த இடத்தில்தான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம். எங்கள் வீட்டில் செம்மறி ஆடுகள், செங்கல் நிறத்தில். தையில் சம்பா அறுப்பு முடிந்ததும் ஆடுகளைக் கழனியில் தங்க வைப்போம். புழுக்கையும் மூத்திரமும் அந்தக் கழனிக்கு எரு. கிடை போடுவது என்று இதற்குப் பெயர். பனைமட்டைத் தட்டிகளை வளைத்துக் கட்டிப் பட்டி போட்டு, பத்து நாளைக்கு ஒரு கழனி என்று மாறிக்கொண்டே போவோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா பட்டியிலேயே படுப்பார். நான் விடியற்காலை கூழ் எடுத்துக்கொண்டு போவேன். பனியில் நனைந்த நெல் தாளின் அடிக்கட்டை உள்ளங்காலில் குத்தும். ஈர ரோமத்தின் வாடை நூறடி முன்னாலேயே வந்து கட்டிக்கொள்ளும். அந்த வாடையோடுதான் பள்ளிக்கூடம் போவேன். என் பெஞ்சில் எனக்கு மட்டும் மூன்று பேர் உட்காருகிற இடம் கிடைத்தது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் வாத்தியாரே, "கிடை வந்துட்ச்சி, ஜன்னலைத் தொறங்கடா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் "மே" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உட்காருவேன். அடுத்தவர் சிரிப்பதற்கு முன் நாமே சிரிக்க வைத்துவிட்டால் வலிக்காது என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டியவன்.

பட்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு ஏற்றிய பிறகு ஓநாயின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அழைத்ததாகிவிடுமாம். ஆனால் ஆட்டுக்காரன் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? அதனால் 'மாப்ள' என்பார்கள். பொருத்தமான பெயர்தான். சொல்லாமல் வருவார், நல்ல உருப்படியாகப் பார்த்து எடுப்பார், நாம் ஒரு வார்த்தை கேட்க முடியாது, போன பிறகுதான் என்ன குறைந்தது என்று எண்ணிப் பார்ப்போம். "நேத்து மாப்ள ஏரிக்கரை வரைக்கும் வந்தாரு", "மாப்ள இப்பல்லாம் தனியா வர்றதில்ல, சம்சாரத்தோட வர்றாரு" என்று பெரியவர்கள் முகத்தில் அசைவில்லாமல் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் நிஜ மாப்பிள்ளை ஒருவரும் இருந்தார். அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. அவர் வரும்போதெல்லாம் நைனா ஒரு கிடாவை அறுப்பார். இரண்டு மாப்பிள்ளைகளில் யார் அதிகம் தின்றார்கள் என்று நான் ஒருமுறை அம்மாவிடம் கேட்டு, முதுகில் பதில் வாங்கினேன்.

இப்போது வாச்சரைச் சொல்ல வேண்டும். ஃபாரஸ்டு ஆபீஸில் தற்காலிகக் காவல் வேலை பார்த்தவர். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர். அரசாங்கம் அவருக்குக் காக்கிச் சட்டை மட்டும் கொடுத்திருந்தது. கால்சட்டை பிறகு வரும் என்று சொல்லியிருந்தது. மேலே காக்கி, கீழே வேட்டி, பெல் இல்லாத சைக்கிள். பெல்லுக்குப் பதில் வாயால் "ணிங் ணிங்" என்று சொல்லிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் அம்மா உயரத்திலிருந்து ஊற்றுவாள், அவர் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். அருவியில் குடிப்பதுபோல் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் அப்படித்தான் குடிப்பேன் என்று அடம்பிடித்தேன். அம்மா ஏன் முகம் சிவந்தாள் என்று அன்று தெரியவில்லை. வாச்சர் மட்டும், "உனுக்கு சொம்பு கீதுடா, சொம்புல குடி" என்றார்.

ஓநாயைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. டெல்லியில் கிளம்பிய சட்டம் உத்திரமேரூர் வரைக்கும் வந்திருக்கலாம். மானாம்பதி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சட்டம் என்றால் வாச்சர்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு மேற்கே உடைந்துபோன தாங்கல் ஒன்று. சின்ன ஏரியைத்தான் எங்கள் பக்கம் தாங்கல் என்போம். தண்ணீர் நின்று பல வருடம் ஆகி, கரையெல்லாம் காரைச்செடியும் சப்பாத்திக் கள்ளியும் மண்டிக் கிடந்தன. இந்தக் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தக் கரையைப் பார்த்தோம்.

"கடிக்காதாண்ணா?"

"உன் மேல அடிக்கிற வாடைக்கு ஆடுன்னு நெனச்சாலும் நெனைக்கும். மூடிக்கினு படு."

மழைநீர் அரித்த பள்ளத்தில் ஒரு வளை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. என் தாடைக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. பிறகு வளையிலிருந்து கரிய மண்ணாங்கட்டி ஒன்று உருண்டு வந்தது. அதற்கு வால் இருந்தது. பின்னால் இன்னொன்று. நாலு குட்டிகள். ஒன்று மற்றதன் காதைக் கடித்து இழுத்தது. கடிபட்டது கத்திக்கொண்டே போய்க் கடித்ததன் மேலேயே படுத்துக்கொண்டது. கொஞ்சம் தள்ளி, காய்ந்த புல் நிறத்தில், புல் என்றே நான் நினைத்திருந்த ஒன்று தலையைத் தூக்கியது. தாய். நேராக எங்களைப் பார்த்தது. பனங்கற்கண்டு நிறத்தில் கண்கள். அதில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்து ஆயம்மா நம் தட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவன் தட்டுக்குப் போவாளே, அப்படி ஒரு பார்வை.

"ஆத்துக்கு அந்தாண்ட இதுங்க வூடு இன்னொண்ணு இருந்திச்சி. போன வருசம் செத்த ஆட்டுல மருந்து தடவி வச்சிட்டாங்க" என்றார் வாச்சர். "இனிமே இந்தச் சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதாண்டா. சித்திரை வரைக்கும் உட்டாப் போதும். காலு நீண்டுக்கும், அதுங்க பாட்டுக்கு மேல் சீமைக்குப் போய்டும். சித்திரை வரைக்கும்தான்."

'சித்திரை வரைக்கும்' என்பதை அவர் எங்களிடம் கேட்பதுபோல் சொன்னார். என்னிடம் கேட்டு என்ன பயன்? ஆனால் கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. பனை ஓலையைக் கிழித்து முடிந்து நீளக் கயிற்றில் சாணுக்கு ஒன்றாகக் கட்டி, எங்கள் பட்டியைச் சுற்றிக் கட்டினார். காற்றடித்தால் சலசலவென்று நூறு பேர் ரகசியம் பேசுவதுபோல் சத்தம் வரும். அதற்கு ஓநாய் கிட்டே வராது என்றார். அன்று கிடா தின்ன வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா வாச்சரே, மாப்ளைக்குத் தோரணமா? மேளம் சொல்லிட்டியா?" என்றார். மற்ற ஆட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாச்சரும் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டார். ஆனால் அந்தத் தோரணம் வேலை செய்தது. தை முழுக்க ஒரு குட்டிகூடக் குறையவில்லை. நைனாவே, "பரவால்லப்பா, கையில சரக்கு கீது உனுக்கு" என்றார்.

மாசிக் கடைசியில் காற்று நின்றது. ஓலை அசையவில்லை.

காலையில் கூழோடு போகிறேன், நைனா பட்டிக்கு வெளியே குந்தியிருக்கிறார். எதிரில் மொட்டைக்காது ஆடு வயிறு திறந்து கிடந்தது. அம்மா கையாலேயே பால் புகட்டி வளர்த்த ஆடு அது. சினை. வயிற்றில் இருந்ததையும் சேர்த்து எடுத்திருந்தார் மாப்பிள்ளை. நைனா ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார். செத்த ஆட்டுக்கு ஈ ஓட்டி என்ன ஆகப்போகிறது? வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா வந்து பார்த்தாள். அழவில்லை. கூழ்ச் சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க யாருக்கும் சோறு இல்லை.

ஆட்டுக்காரர்கள் பனைமரத்தடியில் கூடினார்கள். எல்லார் பட்டியிலும் அந்த வாரம் ஏதோ ஒன்று போயிருந்தது. "வளையில புகை போட்டா அரை மணி நேர வேலை" என்றார் ஒருவர். வாச்சர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"வேணாங்கய்யா. சட்டம் கீது, ஜெயில் கீது."

"ஆட்டை யாருப்பா குடுப்பாங்க? உன் சட்டமா?"

"குடுப்பாங்கய்யா! காட்டு மெருகம் அடிச்சா கவர்மெண்டுல நஷ்டஈடு தராங்கன்னு ஆபீசரு சொன்னத என் காதால கேட்டேன். மனு எய்திக் குடுத்தா ஜீப்புல வந்து பாப்பாங்க. ஒரே ஒரு ஆட்டுக்கு வாங்கிக் காட்டிட்டா, அப்பறம் எதுனா ஒண்ணு போனாலும் நமக்கு பயமில்ல. நானே எடுத்துக்கினு போயி குடுக்கறேன்."

எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். பெரிய மந்தை அவருடையது, பெரிய நஷ்டமும் அன்று அவருடையது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எய்திப் பாப்போம். காயிதம் வர்ற வரைக்கும் ஒருத்தன் தாங்கல் பக்கம் போவக்கூடாது. வந்து, தரேன்னு இருந்திச்சின்னா அதுங்க பாட்டுக்கு கெடக்கட்டும். இல்லன்னு இருந்திச்சின்னா அன்னிக்கே போறோம். நானே கடப்பாரைய எடுக்கறேன்."

வாச்சர் நைனாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு குட்டிகளின் உயிர் ஒரு தாளில் வந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் தாளில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு மனு எழுதினோம். பட்டியில்தான். ஆடுகளை விட்டு நைனா வர மாட்டார். வாச்சர் லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். கணக்கு நோட்டின் அட்டை எனக்கு மேஜை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார், விடுப்பு விண்ணப்பத்துக்காக.

"எய்து. ஐயா, மாப்ள என் பட்டியில பூந்து..."

"நைனா, மாப்ளன்னா எய்தறது?"

நைனா விளக்கைக் காட்டினார். "எரியுது இல்ல? நான் சொல்லமாட்டேன். படிக்கிற புள்ள, எத எய்தணும்னு உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும்.

இத்தனை வருடம் கழித்து, உங்களிடம் சொல்கிறேன். எனக்குத் தெரியும். 'ஓநாய்' என்ற மூன்றெழுத்தைப் பிழையில்லாமல் எழுத எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் என் தலைக்குள் ஒரு ஆபீசர் வந்து உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடி போட்டவர். என் மனுவைப் படித்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "யாருய்யா இதை எழுதினது? பலே கெட்டிக்காரனா இருப்பான் போலிருக்கே" என்கிறார். ஜீப்பை எடுக்கச் சொல்கிறார். என் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மூன்று பேர் இடத்தில் ஒருத்தனாய் உட்கார்ந்திருக்கிற என்னைக் கண்டுபிடித்துத் தோளில் தட்டுகிறார். நான் எழுதியது இதுதான், ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது:

"பொருள்: மாப்பிள்ளை ஆடு தின்றது தொடர்பாக. ஐயா, எங்கள் மாப்பிள்ளை அவர்கள் மாசி மாதம் முதல் அடிக்கடி எங்கள் பட்டிக்கு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆடுகளைக் கவ்விச் சென்று தின்று வருகிறார். எவ்வளவு விரட்டியும் போக மறுக்கிறார். அவருக்கு நாலு குழந்தைகள். ஆகவே ஐயா அவர்கள் நேரில் பார்வையிட்டு எங்களுக்கு நஷ்டஈடு வழங்கி, மாப்பிள்ளையின் குடும்பத்தையும் காப்பாற்றுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

எழுதி முடித்ததும் வாச்சர், "ஒருதபா படிச்சுக் காட்டு தம்பி, கேட்டுக்கறேன்" என்றார்.

"இங்க வேணாம்பா" என்றார் நைனா. "படிச்சா அந்தப் பேரு வரும்."

நான் ரொம்பப் பொறுப்பாகத் தலையாட்டினேன். நைனா பேனா மையைப் பெருவிரலில் தடவிக் கைநாட்டு வைத்தார். வாச்சர் தாளை ஊதி ஊதிக் காயவைத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்தான் போட்டு மூடி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் டவுனுக்குப் போய்விட்டு வந்தபோது நான் பள்ளிக்கூட வாசலிலேயே மடக்கினேன். "இன்னாண்ணா சொன்னாங்க?"

"வாங்கிக்கினாங்கடா. நல்ல மனுசங்க. படிச்சிட்டு ரொம்ப சிரிச்ச மொகமா கீறாங்க எல்லாரும். பதிலு தபால்ல வரும்னாங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை.

காத்திருந்தோம். வாச்சர் புது ஓலை கட்டினார், காற்றுதான் வரவில்லை. பகலெல்லாம் தாங்கல் கரையில் காவல் கிடந்தார். இடையில் ஒரு குட்டியாடு போனது. ஆட்டுக்காரர்கள் நைனாவின் முகத்தைப் பார்த்தார்கள். "காயிதம் வரட்டும்" என்றார். அடுத்த வாரம் இன்னொன்று. அம்மா வாய்விட்டே சொன்னாள், "காயிதத்த வச்சிக்கினு பட்டி மேய்க்கப் போறியா?" நைனா அதற்கும், "வரட்டும்" என்றார். நான் பிற்காலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, முப்பது வருடம் காகிதத்தோடே குடும்பம் நடத்தினேன். என் நைனா அன்று ஒரு காகிதத்தை நம்பியதுபோல் எந்த மனுதாரரும் நம்பி நான் பார்த்ததில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம், தபால்காரர் உறையை என் கையிலேயே கொடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். நான் எழுதிய மனுவே திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று வரி.

"மருமகன் மீதான குடும்பப் புகார். இவ்வலுவலகத்துக்குத் தொடர்பில்லை. மனுதாரர் காவல் நிலையத்தை அணுகலாம்."

திருப்பித் திருப்பிப் படித்தேன். என் கண்ணாடிக்காரர் எங்கேயும் இல்லை. நைனாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால், வேறு மனு எழுதி அனுப்ப இன்னும் நாலு நாள். நாலு நாள்தான். எனக்கு முதுகுத்தோல் உரியும். அவ்வளவுதான். அதையும் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

தபால்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருந்தார். பனைமரத்தடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாமாவும் வந்திருந்தார். "படி" என்றார் நைனா. எதிரே அந்த மாமாவை வைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கு நடுவில், நான் தாளை விரித்தேன்.

"நஷ்டஈடு தர இயலாது" என்று படித்தேன். அதோடு விடாமல், நம்பும்படி இருக்கட்டும் என்று, "விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது" என்றும் சேர்த்துக்கொண்டேன். நல்ல கணீர் குரல் எனக்கு.



"கவர்மெண்டே கைய உட்டுட்ச்சி" என்றார் ஒருவர்.

"வாச்சரு எங்க?"

"காயிதம் இன்னா ஆச்சின்னு கேக்கறதுக்கு ஆபீசுக்குப் போய்க்கீறாரு. காலையிலயே போய்ட்டாரு."

நைனா எழுந்தார். சொன்ன சொல்படி கடப்பாரையை அவர்தான் எடுத்தார். வைக்கோல் கட்டும் காய்ந்த மிளகாயும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து தாங்கலுக்கு ஒரு மைல் இருக்கும். அந்த ஒரு மைலும் நான் நைனாவின் பின்னால் ஓடினேன். மூன்று முறை பக்கத்தில் போனேன். மூன்றாவது முறை வாயைத் திறந்துவிட்டேன்.

"நைனா."

"இன்னாடா?"

"தண்ணி வேணுமா?"

"வேணாம், வூட்டுக்குப் போ."

வாழ்க்கை முழுக்க சமயத்துக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லாதவன் என்று பெயர் வாங்கியவன் நான். எனக்கு அன்று கிடைத்த வார்த்தை அது.

வளைக்கு இரண்டு வாய் இருந்தது. ஒன்றைக் கல்லால் அடைத்தார்கள். இன்னொன்றில் வைக்கோலைத் திணித்து, மிளகாயைப் போட்டு நெருப்பு வைத்தார்கள். புகையை வளை உள்ளே இழுத்துக்கொண்டது. எங்களுக்கே கண் எரிந்து மூக்கு ஒழுகியது. உள்ளேயிருந்து சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது தும்மல் சத்தம் கேட்டது. சின்னத் தும்மல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அதுவும் இல்லை.

எதிர்க்கரையில் தாய் நின்றிருந்தது. பட்டப்பகலில், மறைவே இல்லாத வெட்டவெளியில். கூட இன்னொன்றும். மாமா கல்லெறிந்தார். இரண்டும் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி நின்றன.

நைனா வளையை வெட்டித் திறந்தார். கடைசியில் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினார். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். நாலாவதை எடுத்தபோது கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னாடா இது," என்றார் யாரையும் பார்க்காமல், "இம்மாத்தூண்டு கீது. பல்லே மொளைக்கல."

முளைத்திருந்தது. நான் பார்த்தேன். அரிசி அரிசியாக முளைத்திருந்தது.

நைனா அதன் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார். கடைசி வரைக்கும் அரசாங்கத்தைத் திட்டினார். "ஒரு ஆட்டுக்குத் தரேன்னு ஒரு வரி எய்தியிருந்தா அந்தப் பாவம் என் கையில ஒட்டியிருக்காது" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதே அரசாங்கத்தின் சம்பளத்தில் வாங்கிய காப்பியை ஆற்றிக் கொடுப்பேன். ஓநாய் போன பிறகு தெருநாய்கள் கூட்டம் கூட்டமாக வந்து பட்டியில் விழுந்தன. நாய் ஒரே சமயத்தில் பத்து ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைக்கூடத் தின்னாமல் போகும். நாலு வருடத்தில் மந்தை முடிந்தது.

அன்று எல்லாரும் போன பிறகும் நான் போகவில்லை. குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்கிற நேரத்துக்குத் வறண்ட தாங்கலுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாச்சர் வந்தார். தூரத்திலேயே கையை ஆட்டினார். "ணிங் ணிங்" என்றார்.

"எங்கடா எல்லாரும்? பனமரத்தாண்ட ஒருத்தரும் இல்ல. நல்ல சேதி கீது! காயிதத்துல எதுவோ ஒண்ணு தப்பாப் போய்ட்ச்சாம். வேற எய்திக் குடுத்தா திங்கக்கெயம ஜீப்பே அனுப்பறோம்னு..."

அப்போதுதான் புகை வாடை அவருக்கு எட்டியது. சைக்கிள் அவர் கையிலிருந்து தானாகச் சாய்ந்தது.

வந்து குந்தினார். ஒவ்வொரு குட்டியையும் தொட்டுப் பார்த்தார். நாலு என்று தெரிந்தும் மறுபடி முதலிலிருந்து தொட்டார். பிறகு எதிர்க்கரையைப் பார்த்தார். பெரியவை இரண்டும் இப்போது அங்கே இல்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் அடிக்கவில்லை. சும்மா பேசிக்கொண்டிருந்தார், யாரிடமோ பேசுவதுபோல.

"மொத நாளு குடுக்கப் போனேன் பாரு, அன்னிக்கே ஒருத்தரு சத்தமாப் படிச்சாரு. ஆபீசே சிரிச்சிச்சி. என் சொக்காயும் வேட்டியும் பாத்துதான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேன். சரி, நம்ம வேல ஆவணும்னு நானும் கூட சிரிச்சேன். இன்னிக்கும் அதே மாதிரி. இன்னாங்கய்யா தப்புன்னு கேட்டேன். சொல்லமாட்றாங்க, சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன்."

என் சட்டைப் பையிலிருந்து தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பிரித்து மடியில் வைத்து நீவினார்.

"எதுடா தப்பு? காட்டு."

நான் விரலை வைத்தேன்.

"இதுவா? இந்த ஒரு வார்த்தையா?"

"ஆமாண்ணா."

அவர் அந்த வார்த்தையையே ரொம்ப நேரம் பார்த்தார். படிக்கத் தெரியாத கண்ணால் பார்த்தார்.

"அழிச்சிட்டு எய்தியிருக்கலாமேடா" என்றார்.

"இங்க்கு பேனாண்ணா" என்றேன். "அழியாது."